சட்டசபை மலையேறிய பதினொரு நாள்: 1959 உதகைக் கூட்டம், ஒரு நிகழ்வு ஆய்வு

நிகழ்வு

சென்னை மாநிலச் சட்டசபை 1959 மார்ச் 30 அன்று புனித ஜார்ஜ் கோட்டையில் கூடியது. அதற்கு அடுத்து அது கூடியது ஏப்ரல் 20, திங்கட்கிழமை. அன்று கூடிய இடம் கோட்டை அல்ல; உதகமண்டலத்தில் இருந்த ஆரன்மோர் அரண்மனை. ஏப்ரல் 30, வியாழக்கிழமை வரை சட்டசபையின் முகவரி அதுதான். பிறகு ஆகஸ்ட் 31 அன்று மறுபடியும் கோட்டைக்கே திரும்பியது.

காலண்டரில் பதினொரு நாள். நடுவில் வந்த சனி, ஞாயிறைக் கழித்தால் ஒன்பது. அப்போது முதலமைச்சர் காமராஜ், சபாநாயகர் யு. கிருஷ்ணாராவ், ஆளுநர் விஷ்ணுராம் மேதி. பேரவையின் பலம் 205. 1921இல் தொடங்கிய நூற்றாண்டு வரலாற்றில் இந்த அவை சேப்பாக்கம் செனட் ஹவுஸ், ராஜாஜி ஹால், கலைவாணர் அரங்கம், ஓமந்தூரார் தோட்டம் என்று பல கட்டடம் மாறியிருக்கிறது. ஆனால் எல்லாமே சென்னைக்குள். ஊர் மாறியது உதகைக்காக மட்டும்தான்.

இதைக் காமராஜர் காலத்துச் சுவையான துணுக்காகச் சொல்லிவிட்டுப் போவதுதான் வழக்கம். துணுக்கு என்று தள்ளிவிட முடியாது என்பது எங்கள் கருத்து. சென்னை மாகாண அரசாங்கம் ஏறக்குறைய எண்பது ஆண்டு கோடைதோறும் உதகைக்கு ஏறியிருக்கிறது. தேர்ந்தெடுக்கப்பட்ட அவை ஒரு முறைதான் ஏறியது. ஏன் அப்படி என்று பார்த்தால், இந்த அவை எப்படி வளர்ந்தது என்பதும் கூடவே தெரியும்.

அரசாங்கம் மலையில், அவை கடற்கரையில்

கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் 1820களில் தோடர்களிடம் நிலம் வாங்கிக் கட்டிய வீடு, கல் பங்களா. உதகையின் முதல் பெரிய கட்டடம் அது. பின்னாளில் கோடைக்காலத் தலைமைச் செயலகம் இயங்கியது அந்த வளாகத்தில்தான். இன்று அங்கே அரசு கலைக் கல்லூரி இருக்கிறது. 1870களில் உதகை அதிகாரபூர்வமான கோடைத் தலைமையிடம் ஆகிவிட்டது. பக்கிங்காம் கோமகன் ஆளுநராக இருந்தபோது தாவரவியல் பூங்காவுக்கு மேலே ஆளுநர் மாளிகை எழுந்தது. ஆளுநர், நிர்வாகக் குழு உறுப்பினர்கள், செயலர்கள், குமாஸ்தாக்கள், கோப்புக் கட்டுகள், டவாலி சேவகர்கள் எல்லாரும் ஏறுவார்கள். வெயில் தணிந்த பிறகுதான் இறங்குவார்கள். பல ஆண்டுகளில் மாகாணத்தின் நிர்வாகம் ஆண்டில் பாதி மலையிலிருந்தே நடந்தது.

இதனோடு சட்டமன்றத்தின் வளர்ச்சியை ஒட்டிப் பார்க்க வேண்டும். பிரிட்டிஷ் அரசு கொண்டுவந்த 1861 இந்திய கவுன்சில்கள் சட்டம் ஆளுநரின் குழுவோடு சட்டம் செய்வதற்கென்று சில கூடுதல் உறுப்பினர்களைச் சேர்த்தது, எல்லாரும் நியமனம். 1892 சட்டம் அந்த எண்ணிக்கையை 20 வரை உயர்த்தி, கேள்வி கேட்கவும் பட்ஜெட்டைப் பற்றிப் பேசவும் அனுமதித்தது. வாக்கெடுப்பு கிடையாது. 1909இல் மறைமுகத் தேர்தல் வந்தது. வாக்காளர் நேரடியாகத் தேர்ந்தெடுத்த முதல் அவை 1919 சட்டத்தின்கீழ் 1920 நவம்பரில் நடந்த தேர்தலில் உருவாகி, 1921 ஜனவரி 12 அன்று கன்னாட் கோமகனால் தொடங்கிவைக்கப்பட்டது. தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் 98 பேர். அவையின் தலைவர் சர் பி. ராஜகோபாலாச்சாரி, முதல் மந்திரி சுப்பராயலு ரெட்டியார். அதே 1921 ஏப்ரல் 1 அன்று, பெண் என்பதால் வாக்குரிமை மறுக்கும் விதியை நீக்கும் தீர்மானம் இந்த அவையில் நிறைவேறியது. பிரிட்டிஷ் இந்திய மாகாணங்களில் சென்னைதான் இதில் முதல்.

அந்த 98 எப்படிப் பிரிந்தது என்று பார்த்தால் மலையின் நிலை தெரியும். முஸ்லிம் அல்லாதோர் பொதுத் தொகுதிகளில் 65 (அதில் 28 இடம் பிராமணரல்லாதோருக்கு ஒதுக்கீடு), முஸ்லிம்களுக்கு 13, இந்தியக் கிறிஸ்தவர்களுக்கு 5, ஐரோப்பியருக்கு 1, ஆங்கிலோ இந்தியருக்கு 1. மீதி 13 தனித் தொகுதிகள்: ஜமீன்தார் முதலிய நிலக்கிழார்களுக்கு 6, வணிகத்துக்கு 5, பல்கலைக்கழகத்துக்கு 1, தோட்ட முதலாளிகளுக்கு 1.

அந்தக் கடைசி ஒன்றைக் கவனிக்க வேண்டும். மாகாணம் முழுக்க வாக்குரிமை பெற்றவர்கள் சுமார் 12.5 லட்சம் பேர். மக்கள்தொகை நான்கு கோடிக்கு மேல். கிராமப்புறத்தில் வாக்குரிமைக்கு ஆண்டுக்கு 10 ரூபாய் மதிப்புள்ள நிலம் வேண்டும்; நகரத்தில் 3 ரூபாய் நகராட்சி வரி கட்ட வேண்டும்; இல்லையென்றால் வருமான வரி கட்டுபவராகவோ ராணுவ ஓய்வூதியராகவோ இருக்க வேண்டும். இதைக் குன்னூரிலோ கோத்தகிரியிலோ பொருத்திப் பாருங்கள். எஸ்டேட் லைன் வீட்டில் குடியிருக்கும் தொழிலாளிக்கு நிலமும் இல்லை, கட்ட வரியும் இல்லை. அவருக்கு ஓட்டு இல்லை. ஹட்டி எனப்படும் மலைக் கிராமத்தில் இருக்கும் படுகருக்கு நிலம் உண்டு. ஆனால் மலைநிலத்துக்குத் தீர்வை (நிலவரி) குறைவு; பத்து ரூபாய் வரம்பை எட்டுவது கடினம். விவசாயிக்கு லாபமான அந்தக் குறைந்த தீர்வையே வாக்காளர் பட்டியலில் அவருக்கு எதிராக வேலை செய்தது. தோட்ட முதலாளிக்கோ தனியாக ஓர் இடம். அவர்களுடைய தென்னிந்தியச் சங்கமான உபாசி 1893இல் தொடங்கியது. அதன் தலைமையகம் குன்னூர். மலையில் யாருடைய குரல் அவைக்கு எட்டியது என்பதை இதற்குமேல் விளக்க வேண்டியதில்லை. பின்னாளில் ஹுப்பதலை எச்.பி. ஆரி கவுடர் போன்ற படுகர் தலைவர்கள் அவைக்குள் வந்தது இந்தப் பின்னணியில்தான்.

வந்தவர்களுக்கும் கை எட்டாத விஷயங்கள் இருந்தன. துறைகளை மந்திரிகளுக்கும் ஆளுநருக்கும் பிரித்துவைத்த 1919 சட்டத்தின் இரட்டையாட்சியில் கல்வி, கலால், உள்ளாட்சி முதலியவை மந்திரிகளிடம். நிலவரி, போலீஸ், நிதி ஆகியவை ஆளுநரின் நிர்வாகக் குழுவிடம். காடு பம்பாயிலும் பர்மாவிலும் மந்திரிகளுக்கு மாற்றப்பட்டது, சென்னையில் மாற்றப்படவில்லை. நீலகிரிக்காரருக்கு அன்றாடம் முக்கியமான நிலவரியும் காடும் போலீசும் மந்திரி வரம்புக்கு வெளியே. அவற்றுக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள்தான் கோடையில் உதகையில் உட்கார்ந்திருந்தார்கள். கேள்வி கேட்கும் அவையின் மண்டபமோ சென்னைக் கோட்டையில்.

மலையேறும் செலவைப் பட்ஜெட்டில் வெட்டலாமே என்று கேட்கலாம். வாக்கெடுப்புக்கு உட்பட்ட செலவினத்தில் வெட்டலாம். ஆனால் அது ஒதுக்கப்பட்ட துறைச் செலவாக இருந்து, தன் பொறுப்பை நிறைவேற்ற அது அவசியம் என்று ஆளுநர் சான்றளித்துவிட்டால் வெட்டியது ஒட்டிவிடும். ஆளுநரின் சம்பளம் போன்றவை வாக்கெடுப்புக்கே வராது. உறுப்பினர்கள் பேசலாம், பேச்சு அச்சாகும், அடுத்த ஏப்ரலில் மறுபடி பெட்டி கட்டுவார்கள்.

"இடம்" என்ற ஒரு சொல்

அவையைக் கூட்டும் அதிகாரம் பற்றி 1919 சட்டம் சொன்னது, ஆளுநர் தாம் தக்கதெனக் கருதும் நேரத்திலும் இடத்திலும் கூட்டலாம் என்று. 1935 சட்டமும் அதையே சொன்னது. அரசியலமைப்புச் சட்டத்தின் 174-ஆவது பிரிவும் அந்த "நேரமும் இடமும்" என்பதை அப்படியே வைத்துக்கொண்டது. ஒரு வித்தியாசம் உண்டு. முன்பு ஆளுநரின் விருப்பம். இப்போது அமைச்சரவையின் ஆலோசனைப்படி. ஆகவே 1959இல் உதகையைத் தேர்ந்தெடுத்தது சட்டப்படி ஆளுநரின் ஆணை, நடைமுறையில் அமைச்சரவையின் முடிவு. சட்டத்திருத்தமோ அவையின் தீர்மானமோ தேவையில்லை. அழைப்பாணையில் இடத்தின் பெயரை மாற்றி எழுதினால் போதும்.

அந்தப் பெயர் சரியாக எழுதப்பட வேண்டும் என்பது சின்ன விஷயம் அல்ல. 194-ஆவது பிரிவின்படி அவையில் பேசியதற்காக ஓர் உறுப்பினர்மீது வழக்குப் போட முடியாது. முறைப்படி அழைக்கப்பட்ட இடத்தில், சபாநாயகர் நாற்காலியில் இருக்கக் கூடினால்தான் அது அவை. அதே உறுப்பினர் அதே பேச்சை மார்க்கெட் மைதானத்தில் பேசினால் அந்தக் காப்பு இல்லை. அழைப்பாணையில் பெயர் வந்த பிறகுதான் ஒரு ராஜாவின் கோடை மாளிகை அவை மண்டபம் ஆகிறது.

காலக் கணக்கிலும் இடறல் இல்லை. ஒரு தொடரின் கடைசி அமர்வுக்கும் அடுத்த தொடரின் முதல் அமர்வுக்கும் இடையே ஆறு மாதம் ஆகக் கூடாது. ஏப்ரல் 30லிருந்து ஆகஸ்ட் 31 நான்கு மாதம்தான்.

ஏன் 1959, ஏன் 1952 அல்ல

பலரும் கவனிக்காத ஒரு காரணம் எண்ணிக்கை. 1952 தேர்தலில் அவைக்கு 375 இடம். கோட்டை மண்டபத்தில் உட்காரக்கூடியவர்கள் 260 பேர். அதனால்தான் அரசினர் தோட்டத்தில் புதுக் கட்டடம் கட்டி மே 3 அன்று அங்கே போனார்கள். 1953 அக்டோபரில் ஆந்திரம் பிரிந்தது. 1956 நவம்பரில் மலபார் கேரளத்துக்கும் தென் கன்னடம் மைசூருக்கும் போயின. அவை 190 ஆகச் சுருங்கியது. கோட்டை மறுபடி போதுமானதாயிற்று. 1957 தேர்தலில் 205.

375 பேரை எந்த மலை மாளிகையிலும் உட்கார வைக்க முடியாது. 205 பேரை, நெருக்கியடித்து, முடியும். ஒருவருக்கு இருக்கை, மேசை, நடைவழி சேர்த்து 12 சதுர அடி என்று உத்தேசமாக வைத்தாலும் 2,460 சதுர அடி. அதன்பின் சபாநாயகர் மேடை, செயலர் மேசை, சுருக்கெழுத்தர் இடம், அதிகாரிகள் வரிசை, பத்திரிகையாளர், பார்வையாளர். வாழ்வதற்காகக் கட்டிய மாளிகையில் முதலில் இடம் குறைவது அந்தக் கடைசி மூன்றுக்கும்தான்.

இன்னொரு எண்ணும் இருக்கிறது. 1952இல் காங்கிரசுக்கு 375இல் 152. பெரும்பான்மை இல்லை. ராஜாஜி அமைச்சரவைக்கு ஒவ்வொரு வாக்கெடுப்பும் கண்டம். ஆட்களை எண்ணிக் கைக்குள் வைத்திருக்க வேண்டிய நிலை. அப்படிப்பட்ட அரசு கொண்டை ஊசி வளைவுகளை நம்பி அவையை மலைக்குக் கொண்டுபோகாது. 1957இல் 205இல் 151. பத்துப் பேர் மேட்டுப்பாளையத்தில் ரயிலைத் தவறவிட்டாலும் ஒன்றும் கவிழாது. உதகைக் கூட்டம் பெரும்பான்மை தந்த சௌகரியம் என்றே நாங்கள் பார்க்கிறோம்.

ஏற்பாடு: எங்கே இடறும்

முதலில் வழி. சென்னையிலிருந்து இரவு ரயில், காலையில் மேட்டுப்பாளையம். அங்கிருந்து மலை ரயில், 46 கிலோமீட்டர். கல்லாறு தாண்டியதும் பல்சக்கரப் பாதை தொடங்கும். குன்னூர் வரை பன்னிரண்டரை அடிக்கு ஓர் அடி ஏற்றம் இருக்கிற இடங்கள் உண்டு. என்ஜின் கீழ்ப்பக்கம் நின்று பெட்டிகளை மேலே தள்ளும். பெட்டிகள் நான்கைந்துதான். ஏற ஏறக்குறைய ஐந்து மணி நேரம், இறங்க மூன்றரை. உறுப்பினர், அதிகாரி, பத்திரிகையாளர் என்று ஒரே நாளில் வந்து குவிந்தால் இந்த ரயில் தாங்காது. மீதிப் பேர் பஸ்ஸிலோ காரிலோ குன்னூர் மலைப்பாதையில் பதினான்கு கொண்டை ஊசி வளைவு ஏற வேண்டும். இருக்கிற ஆறுதல் மாதம்தான். மண்சரிவு பெரும்பாலும் அக்டோபர், நவம்பரில், வடகிழக்குப் பருவமழையில் வரும். ஏப்ரலில் பிற்பகல் இடிமழையோடு போய்விடும்.

அடுத்தது தங்குமிடம். ஏப்ரல் என்றால் சீசன் தொடங்கிவிட்டது. குதிரைப் பந்தயம் ஆரம்பம், மே மாத மலர்க் கண்காட்சிக்கு முன்பே அறைகள் நிரம்பும், வாடகை ஏறும். இதில் 205 உறுப்பினர்களும் செயலக ஊழியர்களும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று எந்த உதகை லாட்ஜ்காரரும் சொல்லுவார். சென்னையில் வேர்வை வடியக் கிளம்பியவருக்கு இரவில் பத்துப் பன்னிரண்டு டிகிரி; சால்வையும் கம்பளியும் பெட்டியில் இருந்தால் பிழைத்தார்.

இவை எல்லாம் பணத்தால் தீரும். காகிதம் அப்படித் தீராது. அவை என்பது காகிதத்தில் ஓடும் இயந்திரம். நிகழ்ச்சி நிரல், வினா விடை, மசோதா, திருத்த அறிவிப்பு, மானியக் கோரிக்கை எல்லாம் உறுப்பினர் கைக்குக் காலையில் வந்தாக வேண்டும். அரசு அச்சகம் சென்னையில். மாலையில் அச்சான தாள் இரவு ரயிலேறி, மலை ரயில் மாறி உதகை வந்துசேர மறுநாள் நண்பகல். அன்று காலை அமர்வு முடியும் நேரம். ஆக, அச்சான தாள் ஒரு நாள் பின்தங்கும். இதற்கு வழி இரண்டு. மாறாத தாள்களை முன்கூட்டியே மொத்தமாக அச்சடித்துக் கொண்டுவருவது. அன்றன்று மாறுவதை உதகையிலேயே மெழுகுத்தாளில் தட்டச்சு செய்து சைக்ளோஸ்டைல் என்ற நகலெடுக்கும் கருவியில் உருட்டுவது. முதல் வழியில், கடைசி நேரத்தில் வரும் திருத்தங்கள் விடுபடும். இரண்டாவதில் மெழுகுத்தாள் கிழிந்தால் மறுபடி முதலிலிருந்து.

வினா நேரம் இன்னும் சிக்கல். அச்சான பதிலை அமைச்சர் வாசித்துவிடுவார். தொல்லை துணைக் கேள்வியில். சென்னையில் அதிகாரிகள் வரிசையிலிருந்து ஒரு சீட்டு நீளும். கோப்பு பக்கத்து அறையில் இருக்கும். உதகையில் கோப்பு வந்திருந்தால் உண்டு. இல்லையென்றால் டிரங்க் கால் (வெளியூர்த் தொலைபேசி அழைப்பு) போட்டுக் காத்திருக்க வேண்டும், அல்லது "தகவல் பெற்றுத் தருகிறேன்" என்று சொல்ல வேண்டும். துணைக் கேள்வியின் கூர்மை அந்த நிமிடத்தோடு போய்விடும். எதிர்க்கட்சிக்கு உண்மையான நஷ்டம் இங்கேதான். அந்த அவையில் வி.கே. ராமசாமி முதலியார் எதிர்க்கட்சித் தலைவர், தி.மு.க.வின் 15 பேரில் அண்ணாவும் கருணாநிதியும் இருந்தார்கள். குறுக்குக் கேள்வியில் சளைக்காத ஆட்களுக்கு எதிரே, பதில் தாமதமாவது ஆளும் தரப்புக்கு வசதியாகவே முடியும்.

பிறகு குறைவெண் (கோரம்), அதாவது அவை நடக்க இருந்தாக வேண்டிய குறைந்தபட்ச உறுப்பினர் எண்ணிக்கை. பத்துப் பேர், அல்லது மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கு, எது அதிகமோ அது; 205க்கு 21 பேர். குறைந்தால் மணி அடிக்க வேண்டும். வராவிட்டால் சபாநாயகர் அமர்வை நிறுத்திவைக்கவோ ஒத்திவைக்கவோ வேண்டும். கோட்டையில் உறுப்பினர் வெளியே போனால் லாபியிலோ சிற்றுண்டிச் சாலையிலோ இருப்பார். மணி காதில் விழும். மாளிகையில் புல்தரை, தோட்டம், வராந்தா என்று பரவியிருப்பார். பைக்காரா பார்க்கப் போனவருக்கும், குந்தா நீர்மின் திட்ட வேலை எப்படி நடக்கிறது என்று பார்க்கப் போனவருக்கும் எந்த மணியும் கேட்காது. குந்தாவைப் பார்ப்பது வீண்வேலை என்று சொல்ல மாட்டோம். பட்ஜெட்டில் பணம் ஒதுக்கியவர்கள் அணைக்கட்டை நேரில் பார்ப்பது நல்லதுதான். ஆனால் அதை அமர்வு நேரத்தில் செய்தால் அவை தடுமாறும்.

கடைசியாகப் பார்வையாளர் மாடம். சென்னையில் தஞ்சாவூரிலிருந்து வந்த விவசாயியோ வேலைநிறுத்தம் செய்யும் ஆலைத் தொழிலாளியோ சீட்டு வாங்கிக்கொண்டு உள்ளே உட்காரலாம். வெளியே ஊர்வலம் வரலாம். மலையேறிய அவைக்கு இந்த இரண்டும் குறைகிறது. நீலகிரி மக்களுக்கு மட்டும் பதினொரு நாள் இது தலைகீழாக இருந்தது. கோட்டைக்குப் போக ஒரு பகலும் ஓர் இரவும் செலவழிக்க வேண்டியவர்களின் வாசலுக்கே அவை வந்திருந்தது.

நாகபுரியோடு வைத்துப் பார்த்தால்

மகாராஷ்டிரம் குளிர்காலக் கூட்டத்தை வழக்கமாக நாகபுரியில் நடத்துகிறது; சில ஆண்டு தவறினாலும் வழக்கம் நிற்கவில்லை. அங்கே 1953 நாகபுரி ஒப்பந்தம் இருக்கிறது: நாகபுரி வட்டாரமான விதர்பா பம்பாயோடு சேர விலையாகக் கேட்டது. கட்டடமும் இருக்கிறது, நாகபுரி பழைய மத்திய மாகாணத்தின் தலைநகர். அவைக் கூட்டம் நிற்கப்போகிறது என்று பேச்சு வந்தாலே விதர்பாவில் குரல் எழும்.

உதகைக்கு இந்த மூன்றும் இல்லை. ஒப்பந்தம் இல்லை, அவை மண்டபம் இல்லை, இருந்தது ஒரு கோடை மாளிகைதான், அவை வராவிட்டால் கோபப்படும் அரசியல் வட்டாரமும் இல்லை. நீலகிரி சின்ன மாவட்டம், அவையில் விரல்விட்டு எண்ணும் இடங்கள். போதாததற்கு, உதகையில் அரசாங்கம் என்றாலே துரைமார் காலத்துக் கோடை வாசம் நினைவுக்கு வரும். எளிமைக்குப் பெயர்போன ஒரு முதலமைச்சரின் அரசு இரண்டாம் முறையும் ஏறியிருந்தால் மலையேறும் செலவு எதற்கு என்ற அந்தப் பழைய கேள்வி எழாமல் இருந்திருக்காது.

1959 ஆகஸ்ட் 31 முதல் 2010 ஜனவரி 10 வரை, ஐம்பது ஆண்டுக்கு மேல், பேரவை கோட்டையை விட்டு நகரவில்லை. ஆரன்மோர் இன்று "தமிழகம்" என்ற பெயரில் அரசு விருந்தினர் மாளிகை. முதலமைச்சர்கள் நீலகிரி வந்தால் தங்குவது பெரும்பாலும் அங்கேதான். கோப்புகளும் அவர்களோடு மலையேறி, கையெழுத்தாகி இறங்குகின்றன.